1971 புல்லட்: முழுவதும் புதுப்பிப்பதா, உள்ளபடியே காப்பதா?

கேள்வி:
வணக்கம். என் தந்தையார் 1971இல் வாங்கிய 350 சிசி புல்லட், கும்பகோணத்து வீட்டுத் தாழ்வாரத்தில் பதினெட்டு ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. கிக்கர் இம்மியும் இறங்கவில்லை. பெட்ரோல் டேங்கின் உட்புறம் துருப்பிடித்துள்ளது. ஆனால் வெளிப்புறத்துக் கறுப்பு வண்ணமும், சென்னை திருவொற்றியூரில் புல்லட் தயாரான தொழிற்சாலையில் தூரிகையால் கையாலேயே இழுத்த பொன்னிறக் கோடுகளும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. அப்பாவின் முழங்கால் உரசிய இடங்களில் மட்டும் வண்ணம் தேய்ந்து தகடு தெரிகிறது. பட்டறைக்காரர் எல்லாவற்றையும் பிரித்து, சேசிஸுக்கு (வண்டியின் சட்டகத்துக்கு) பவுடர் கோட்டிங் (பொடி வண்ணத்தைச் சூட்டில் உருக்கிப் பூசுதல்), எஞ்சினுக்கு பஃபிங் (தேய்த்து மெருகேற்றுதல்), 6 வோல்ட் மின்னமைப்பை 12 வோல்ட்டாக மாற்றுதல் என்று பட்டியல் போட்டுவிட்டார். ஒப்புக்கொள்ளலாமா?

மறுமொழி 1:
அவசரப்படாதீர்கள், ஐயா. முதலில் எஞ்சினைப் பாருங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றி, ஒரு வாரமாவது ஊறவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெல்ல அசையுங்கள். கிக்கர்மேல் ஏறி மிதித்தால் அதன் பல்சக்கரம்தான் உடையும். டேங்கின் உள்ளே வினிகர் நிரப்பித் துருவை எடுக்கலாம், ஆனால் வெளியே ஒரு சொட்டும் வழியக் கூடாது. போன வண்ணத்தை மீண்டும் அடித்துக்கொள்ளலாம். அந்தக் கோடுகளையும் முழங்கால் தேய்மானத்தையும் எந்தப் பெயின்டராலும் திருப்பித் தர முடியாது.

மறுமொழி 2:
எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. பிரேக் ஷூ, டயர், கேபிள்கள், பெட்ரோல் குழாய் ஆகியவற்றைப் பழமை என்று சொல்லி விட்டுவைப்பது ஆபத்து. இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை விரைவில் கெடுத்துவிடும். சேசிஸில் ஆழமாக அரித்த இடம் இருந்தால் அதையும் சரிசெய்தே ஆக வேண்டும். ஆனால் பஃபிங் வேண்டவே வேண்டாம், அது எஞ்சின் எண் பொறித்த இடத்தையே மழுக்கிவிடக்கூடும். 12 வோல்ட் மாற்றம் செய்வதானால், கழற்றிய பழைய பாகங்களைச் சீட்டு ஒட்டிப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

மறுமொழி 3:
சட்டப் பக்கமும் ஒன்று உண்டு. 2021ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டி தன் மூல வடிவில், சேசிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால்தான் விண்டேஜ் (பழங்கால) வாகனமாகப் பதிவாகும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஆகவே நீங்கள் தினமும் ஓட்டப் போகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆர்.சி. புத்தகம் கைவசம் இருக்கிறதா?

கேட்டவர்:
இருக்கிறது; ஓரங்களைக் கரையான் அரித்திருந்தாலும் எண்கள் தெளிவாகத் தெரிகின்றன. தினமும் ஓட்டும் எண்ணம் இல்லை. ஒன்பதாம் நாள் பின்சக்கரத்தோடு பிஸ்டனும் அரை அங்குலம் நகர்ந்தது. பட்டறைக்காரரிடம் பிரேக், டயர், கேபிள் வேலையை மட்டும் ஒப்படைத்துள்ளேன். டேங்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொண்டேன்.