மறு: "மணப்பொருள்" சரிப்படுமா?

வணக்கம் அக்கா, மற்றும் எல்லாருக்கும்.

வாசனை தரும் மூலக்கூறுக்கு (odorant) தமிழ்ச்சொல்லாக நீங்கள் சொன்ன "மணப்பொருள்" காதுக்கு இனிமைதான். ஆனால் அழுகிய முட்டையிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடை மணப்பொருள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. டுரியான் பழத்தை எம்ஆர்டி ரயிலில் கொண்டுவராதே என்று படம் போட்டு ஒட்டியிருக்கிற சிங்கப்பூரில் இருந்துகொண்டு, அதன் கந்தகச் சேர்மங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பழந்தமிழில் "நாற்றம்" நல்ல வாசனைக்கும் பொதுதான், ஆனால் இன்று தேக்கா சந்தையில் பூ விற்கிறவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்!

நீங்கள் எழுதிய "சகப்பிணைப்புச் சேர்மங்களுக்கு வாசனை உண்டு, அயனிச் சேர்மங்களுக்கு இல்லை" என்ற வரியையும் திருத்த வேண்டும். அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து இணைந்தால் சகப்பிணைப்பு, எதிரெதிர் மின்னூட்டமுள்ள அயனிகள் ஈர்த்து இணைந்தால் அயனிச் சேர்மம். வைரத்தில் இருப்பதும் சகப்பிணைப்புதானே, அதற்கு ஏது வாசனை? மூக்குவரை வர மூலக்கூறு ஆவியாக வேண்டும். கற்பூரத்தில் மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு வலுவில்லாதது, அதனால் அறை வெப்பநிலையிலேயே கிளம்பிவிடுகிறது. அயனிச் சேர்மமான சமையல் உப்போ உருகுவதற்கே 801 டிகிரி செல்சியஸ் கேட்கும். வைரத்தில் அணுக்கள் எல்லாம் ஒரே வலையாகப் பின்னியிருப்பதால் தனியே பிரிந்து பறக்க மூலக்கூறே கிடையாது. சரி, ஆவியானால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை, நைட்ரஜன் நாள் முழுக்க நம் மூக்கில் ஏறி இறங்குகிறது, நமக்குத் தெரிவதே இல்லை. மூக்கில் வாசனையை உணரும் புரதங்களான ஏறத்தாழ 400 வகை ஏற்பிகளில் ஏதாவது ஒன்று பிடித்துக்கொண்டால்தான் வாசனை.

அதனால் என் பரிந்துரை "முகர்மூலக்கூறு". குடிநீர் மாதிரி வினைத்தொகை. குடிப்பது நாம், முகர்வதும் நாம். நல்லது கெட்டது என்ற சாயலும் இல்லை. "முகர்பொருள்" என்று சுருக்கலாம்தான், ஆனால் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றில் போடும் பாண்டான் இலையும் பாசுமதி அரிசியும் வேறு வேறு பொருள்கள், இரண்டிலும் மணப்பது 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற ஒரே மூலக்கூறு. இந்த வேறுபாட்டைச் சொல்லத்தானே நமக்குச் சொல்லே தேவைப்படுகிறது.

---

தம்பி, வைரமும் நைட்ரஜனும் சரி, அந்த வரியை மாற்றிவிட்டேன். ஆனால் முகர்மூலக்கூறு எட்டெழுத்து, பத்தி முழுக்க அதுவே வந்தால் படிக்கிற பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். "முகரி" என்று வைத்தால் என்ன?

---

அக்கா, வடிகட்டி வடிகட்டுகிறது, ஏற்பி ஏற்கிறது. அப்படியானால் முகரி முகரும், அதாவது மூக்கு! சுருக்கம் கட்டாயம் வேண்டுமென்றால் "முகர்கூறு" பாருங்கள், முதல் தடவை மட்டும் முழுச்சொல்லைப் போட்டுவிடலாம்.