ஏரிக்கரையில மேயுற மாடுகளைப் பார்த்துட்டு வர: எதைக் கவனிக்கணும்?

பெரும்பாக்கத்தான்:
சென்னையில பெரும்பாக்கம், பள்ளிக்கரணை ஏரிக்கரைப் பக்கம் மேயுற மாடுகளை ஞாயிறு காலையில நாங்க சிலர் பார்த்துட்டு வரப் போறோம். எல்லாம் வீட்டு மாடுதான், பகல்ல அவிழ்த்து விட்டுடறாங்க. நோய் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கிட்ட போகலாமா?

பால்காரர்:
முதல்ல முப்பது அடி தள்ளி நின்னு தலை எண்ணுங்க. எது கூட்டத்தை விட்டுத் தனியா நிக்குதோ அதைத்தான் பார்க்கணும். படுத்து அசை போட்டுட்டு இருந்தா பெரும்பாலும் பயமில்லை. காது தொங்கி, மூக்கு காஞ்சு, அசை போடாம நின்னா ஏதோ கோளாறு.

அடுத்து பின்பக்கமா, தூரத்துல இருந்தே வயிறைப் பாருங்க. மாட்டோட இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல பள்ளமா இருக்கணும். அங்க மேடா எழும்பி, மாட்டுக்காரர் தட்டினா டமாரச் சத்தம் கேட்டா உப்புசம். நாக்கை நீட்டி மூச்சு வாங்கினா காத்திருக்காதீங்க, சில மணி நேரத்துல உயிர் போயிடும். உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அடிங்க. யாராவது தலையைத் தூக்கிப் பிடிச்சு எண்ணெய் ஊத்த வந்தா தடுங்க. புரையேறி நுரையீரலுக்குப் போயிடும்.

கிட்ட போகணும்னா குரல் கொடுத்துட்டு, தோள்பட்டைப் பக்கமா போங்க. மாடு பக்கவாட்டுலயும் உதைக்கும். கன்னுக்கும் தாய்க்கும் நடுவுல மட்டும் நிக்கவே நிக்காதீங்க.

கால்நடை உதவியாளர்:
மேல சொன்னது சரி. நம்ம ஊர்ல பெரிய எமன் பிளாஸ்டிக் பைதான். உப்புசம் வந்து வந்து போகும், சாணி கொஞ்சமா போடும், உடம்பு இளைச்சுட்டே வரும். மருந்துல கரையாது, வயித்தைத் திறந்துதான் எடுக்கணும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில கேளுங்க. முதுகை வளைச்சு, முன்னங்கால் முழங்கையை வெளிப்பக்கமா விலக்கி நின்னா கம்பியோ ஆணியோ உள்ள போய் நெஞ்சுப் பக்கம் குத்தியிருக்கலாம். அதை நடக்க வைக்கவே கூடாது.

எச்சில் ஒழுகி நொண்டினா கோமாரி, தோல்ல உருண்டையா கட்டி இருந்தா தோல் கழலை. ரெண்டும் மத்த மாட்டுக்குப் பரவும். லிட்டர் தண்ணிக்கு 40 கிராம் வாஷிங் சோடா கலந்து செருப்பைக் கழுவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போங்க. செத்த மாட்டு மூக்குலயோ ஆசனவாயிலயோ உறையாத ரத்தம் வழிஞ்சா அடைப்பானா (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். தொடாதீங்க, அறுக்கவும் விடாதீங்க, கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்க.

கரையோரம்:
காது வில்லையில இருக்கிற 12 இலக்க எண்ணைப் படம் எடுத்துக்குங்க, மாட்டுக்காரரைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. மழைக்குப் பிறகு தேங்கின தண்ணியில எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், கம்பூட் இல்லாம இறங்காதீங்க. சதுப்புநிலத்துக்குள்ள போகணும்னா வனத்துறை அனுமதி வேணும், ரோட்டோரத்துல இருந்து பைனாகுலர்ல பார்த்தாலே போதும்.