புதுப்பிப்பு: கிளாட் ஆங்கிலப் பத்திகள் – எந்த யோசனை பலித்தது?
சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டின் ஆங்கிலப் பத்திகளை நேரத்துக்குள் முடிக்க என் மகளுக்கு வழி கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. வினாக்களை முதலில் படிக்கும் முறை அவளுக்கு ஒத்துவரவில்லை. ஆசிரியரின் தொனியையும் நிலைப்பாட்டையும் கேட்கும் வினாக்களுக்கு, சுமார் 450 சொற்கள் கொண்ட பத்தியில் தேடிப் பிடிக்க ஒற்றை வரி எதுவும் இருப்பதில்லை. ஒவ்வொரு பாராவின் சாரத்தையும் வினாத்தாளின் ஓரத்தில் நாலைந்து சொற்களில் எழுதிவிட்டு, வீட்டுப் பயிற்சியில் தவறான விடைகள் ஏன் தவறு என்பதையும் குறித்துவைக்கச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது. எதிர்பாராத பயன் என்னவென்றால், 120 நிமிடங்களில் 120 வினாக்கள் கொண்ட அத்தேர்வில் சட்டம், தர்க்கம், நடப்பு நிகழ்வுகள் ஆகியவையும் பத்திகளாகவே வருவதால், அங்கும் அவளுடைய வேகம் கூடியது. தவறுக்குக் கால் மதிப்பெண் கழிந்தாலும், நான்கு விடைத் தெரிவுகளில் இரண்டை உறுதியாக நீக்கிய பின் மீதியில் ஒன்றைக் குறிப்பது லாபமே என்று இன்னொருவர் போட்ட கணக்கும் சரிதான்.