சனிக்கிழமை ராத்திரிப் பந்தயம்: பென்ச் எல்லாம் காலி, என்ன செய்யலாம்?

இடதுவளைவு:

வணக்கம். நார்த் கரோலினாவில் இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் கார்ப் பந்தயம் நடக்கும், அரை மைல்கூட இல்லாத தார் ஓவல் (முட்டை வடிவ டிராக்) ஒன்றில் சனிக்கிழமைகளில் டிக்கெட் கொடுக்க உதவுகிறேன். கார்களைத் தயார் செய்யும் இடமான பிட் வாசலில் கூட்டம் பரவாயில்லை. ஒரு காருக்கு மெக்கானிக், தம்பி, மாமனார் என்று ஐந்தாறு பேர் பாஸ் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். டிராக் பிழைப்பதே அந்தக் காசில்தான். டிக்கெட் எடுத்து உட்கார்ந்து பார்க்கிறவர்கள்தான் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள்.

இதே மாநிலத்தில் வின்ஸ்டன்-சேலம் ஊரில் போமன் கிரே ஸ்டேடியம் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து மைதானத்தைச் சுற்றி ஒரு கால் மைல் தார், அவ்வளவுதான். 1949-இலிருந்து அங்கே நாஸ்கார் (அமெரிக்காவின் பெரிய கார்ப் பந்தய அமைப்பு) பந்தயம் நடக்கிறது. இன்றும் கோடைச் சனிக்கிழமைகளில் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். எங்கள் முதலாளி டிக்கெட்டைப் பாதி விலை ஆக்கலாமா, பெரிய பரிசு வைத்து வெளியூர் ஓட்டுநர்களை இறக்கலாமா என்று யோசிக்கிறார். இரண்டிலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இந்த டிராக்கை இழுத்து மூடுவதைப் பார்க்க என்னால் முடியாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

விஸ்கான்சின்வாசி:

இங்கே விஸ்கான்சினில், ஸ்லிங்கர் டிராக்கில் ஞாயிறு இரவுப் பந்தயம். கால் மைல்தான், ஆனால் வளைவுகள் செங்குத்தாகச் சரிந்திருக்கும். ஜூலையில் நடக்கும் ஸ்லிங்கர் நேஷனல்ஸுக்கு நாஸ்கார் முன்னாள் சாம்பியன் மேட் கென்செத் மாதிரி ஆட்கள் வருவார்கள், இடம் கிடைக்காது. மற்ற வாரங்களில் என் பிள்ளைகளை இழுப்பது ஃபிகர் 8 பந்தயம், அதாவது எட்டு வடிவப் பாதையில் ஓடுவது. கார்கள் குறுக்கே வெட்டிப் போகும்போது எழுந்து நின்று கத்துவார்கள். பிள்ளை கேட்டால் அப்பா வண்டியை எடுத்துத்தானே ஆக வேண்டும்?

களிமண்கணக்கன்:

தம்பி, நான் அயோவாவில். ஒரு களிமண் டிராக்கில் பல வருடமாக லாப் (சுற்று) கணக்கு எழுதுகிறேன். விலையைக் குறைப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அடுத்த சனிக்கிழமை கடிகாரத்தோடு பென்ச்சில் உட்கார்ந்து, கார் ஓடுகிற நிமிடத்தையும் ஓடாத நிமிடத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டாவது கணக்கு பெரிதாக இருந்தால், இலவசமாக விட்டாலும் குடும்பத்தோடு வந்தவர் மறுபடி வர மாட்டார். ஒன்பது மணிக்குக் குழந்தை தூங்கி வழியும். முக்கியமான பந்தயத்தைப் பதினொன்றுக்கு வைத்தால் யாருக்காக ஓட்டுகிறீர்கள்?

ஒரு பந்தயம் முடிகிறபோதே அடுத்த வகுப்புக் கார்கள் (கார் ரகத்துக்கு ஒரு வகுப்பு) கேட்டில் வரிசையாக நிற்க வேண்டும். யாரும் இடிக்காமல் தானாகவே சுழன்று, இரண்டு தடவை மஞ்சள் கொடி (எல்லாரும் வேகம் குறைக்க வேண்டிய எச்சரிக்கை) வரக் காரணமானவரை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்புங்கள். ஆறு கார்கூட வராத வகுப்புகளை இன்னொன்றோடு சேர்த்துவிடுங்கள். ஓட்டுநர்கள் சண்டைக்கு வருவார்கள், பிட் காசு குறையும் என்று முதலாளி பயப்படுவார். ஒரு சீசன் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம், தகுதிச் சுற்றில் வேகமாக வந்தவர்களை, வரிசையைத் தலைகீழாக்கிப் பின்னால் நிறுத்துங்கள். முதலில் கிளம்பியவரே முதலில் முடிப்பதைப் பார்க்க யாரும் காசு கொடுக்க மாட்டார்கள்.

வெளியூர் ஓட்டுநர் யோசனை எனக்கும் பிடிக்கவில்லை. அவர் பரிசை வாங்கிக்கொண்டு போய்விடுவார், பென்ச்சில் இருப்பவருக்கு அவர் யாரோ. போமன் கிரேவில் கூட்டம் வருவது ஆட்களுக்காக. வாராவாரம் அதே ஓட்டுநர்கள், அப்பா ஓட்டிய இடத்தில் மகன், போன வாரம் இடித்தவனை இந்த வாரம் பார்த்துக்கொள்கிறேன் என்கிற பகை. பாதிப் பேர் கைதட்ட, மீதிப் பேர் 'பூ' என்று கேலியாகக் கத்துவார்கள். உங்களிடமும் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள், ஆனால் மைக் பிடிப்பவர் '27-ஆம் கார்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார். அவன் பகலில் டீசல் மெக்கானிக், கார் போன வாரம் நொறுங்கியது, நாலு ராத்திரி கண்விழித்துச் சரிசெய்தான் என்று சொல்லட்டும். அடுத்த லாப்பிலிருந்து அவனுக்கு ஒரு கட்சி சேரும். பந்தயம் முடிந்ததும் பிட் கேட்டைத் திறந்துவிட்டு, ஒரு சிறுவனை அந்தக் காருக்குள் உட்காரவைத்தால் போதும், குடும்பமே உங்களுடையது.

விஸ்கான்சின்வாசி:

அண்ணே, நார்த் கரோலினாவின் பழைய நார்த் வில்க்ஸ்போரோ டிராக்? 1996-இல் கப் பந்தயம் (நாஸ்காரின் முதல் நிலைத் தொடர்) போய்ப் பாழடைந்து கிடந்தது, 2022-இல் திறந்ததும் கூட்டம் அலைமோதியதே?

களிமண்கணக்கன்:

அன்றைக்குப் புகழ்பெற்ற நாஸ்கார் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியரே காரில் உட்கார்ந்தார். அந்த ராத்திரி வேறு. 2023-இல் நாஸ்காரின் நட்சத்திர ஓட்டுநர்களுக்கான ஆல்-ஸ்டார் பந்தயமும் அங்கே வந்தது, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சாதாரண மே மாதச் சனிக்கிழமையை நிரப்ப எர்ன்ஹார்ட் வர மாட்டார்.

இடதுவளைவு:

நன்றி அண்ணே. மஞ்சள் கொடி விதியை இந்த வாரமே முதலாளியிடம் பேசுகிறேன். மைக் பிடிப்பவருக்கு ஓட்டுநர்களிடம் விசாரித்து ஆளுக்கு நாலு வரி எழுதிக்கொடுக்க நானே தயார். இன்னும் ஒன்று: ஆன்லைனில் நேரலை விட்டால் கூட்டம் குறையுமா? மழை நாளில் என்ன செய்கிறீர்கள்?

களிமண்கணக்கன்:

போமன் கிரே பந்தயங்களே ஃப்ளோரேசிங் என்கிற ஆன்லைன் சேவையில் நேரலையாக வந்திருக்கின்றன, அதனால் அங்கே பென்ச் காலியாகிவிடவில்லை. நேரில் வருவதற்குக் காரணம் இருக்கிற இடத்தில் நேரலை கெடுதல் செய்யாது. மழைக்கு, பாதியில் நின்றால் அதே டிக்கெட் அடுத்த வாரம் செல்லும் என்று கவுன்டரிலேயே எழுதி ஒட்டுங்கள். பந்தயம் உண்டா இல்லையா என்பதை மத்தியானமே ஃபேஸ்புக்கில் போட்டுவிடுங்கள். தூரத்திலிருந்து வண்டி ஓட்டி வந்து பூட்டிய கேட்டைப் பார்ப்பவரின் கோபம் சுலபத்தில் தீராது.