மறு: ஸ்டார்ட் பேஜுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? – 'முன்றில்' என்று ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

உலாவியைத் திறந்ததும் வரும், செய்தி, வானிலை, குறிப்பு என்று அவரவர் விருப்பப்படி அடுக்கிக்கொள்ளும் பக்கத்தை (ஸ்டார்ட் பேஜ்) தமிழில் எப்படி அழைக்கலாம் என்று கேட்கும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்து வருகிறேன். 'தனிப்பயனாக்கப்பட்ட முகப்புப் பக்கம்' என்று தொடங்கி, 'தொடக்கப் பக்கம்', 'என்முகப்பு', 'திண்ணை', 'முற்றம்' வரை வந்திருக்கிறோம். எனக்கு இந்தச் சொல் இப்போதே தேவைப்படுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவுக்கு 75 வயது. உலாவியைத் திறந்தால் அவருக்கென்று அமைத்த ஒரு பக்கம் வரும். இடப்பக்கம் இரண்டு நாளிதழ்களின் தலைப்புகள், நடுவில் வானிலை, வலப்பக்கம் நாட்காட்டி. அதற்குக் கீழே, மருந்து வாங்க வேண்டிய தேதிகளை அவரே தட்டச்சு செய்து வைத்த குறிப்புப் பெட்டி. பல வருடங்களாக எல்லாம் அதே இடத்தில் இருந்தன. போன மாதம், அந்தச் சேவையை நிறுத்தப்போகிறோம் என்று அறிவிப்பு வந்துவிட்டது. நான் வேறொரு சேவையில் கணக்குத் தொடங்கி, அவர் படிக்கிற ஓடைகளை (தளங்களில் புதிதாக வருவதைத் தானாகக் கொண்டுவரும் ஃபீடுகளை) எல்லாம் ஏற்றிக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்குப்பா, ஆனா என் பக்கத்தைக் காணோமே" என்றார். அரை நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியையும் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தேன். அப்புறம்தான் அவர் முகம் தெளிந்தது.

நாம் தேடும் சொல்லின் பொருள் இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஓடைகள் யாருடையவோ. வானிலை யார் வேண்டுமானாலும் தருவார்கள். எது எங்கே இருக்க வேண்டும் என்று வைத்த அந்த ஒழுங்கு மட்டும் அவருடையது.

இதே அனுபவம் ஒரு காலத்தில் உலகம் முழுக்க நடந்தது. யாகூ 1996-லேயே 'மை யாகூ'வைக் கொண்டுவந்தது. கூகுள் 2005 மே மாதம் இப்படி ஒரு பக்கத்தைத் தொடங்கி, 2007-இல் அதற்கு 'ஐகூகுள்' என்று பெயர் வைத்தது. 2012 ஜூலையில் நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2013 நவம்பர் 1-ஆம் தேதி மூடிவிட்டது. அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதிதான், ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடரும் போயிற்று. ரீடரை விட்டுப் போனவர்களுக்கு ஒரு வழி இருந்தது. ஓடைப் பட்டியலை ஓபிஎம்எல் (ஓடைகளின் முகவரிகளைச் சேமிக்கும் வடிவம்) கோப்பாக இறக்கி, வேறு எந்தப் படிப்பானிலும் ஏற்றிக்கொள்ளலாம். ஐகூகுளில் இருந்த குட்டிச் செயலிகள் அந்தத் தளத்துக்கென்றே எழுதப்பட்டவை. அவற்றையும் அவற்றின் அடுக்கையும் அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. நெட்வைப்ஸ், புரோட்டோபேஜ், ஐஜிஹோம் என்று இதே மாதிரிப் பக்கம் தரும் எந்தச் சேவைக்குப் போனாலும், கையால் மறுபடி அடுக்கத்தான் வேண்டியிருந்தது.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

'தனிப்பயனாக்கப்பட்ட முகப்புப் பக்கம்' விளக்கமாகச் சரி, பெயராக ஒட்டாது. அப்பாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே "அது எதுக்கு, சொல்லு" என்று நிறுத்திவிட்டார். மேலும், 'முகப்பு' என்று நாம் ஏற்கெனவே எந்தத் தளத்தின் முதல் பக்கத்தையும் சொல்கிறோம். கைப்பேசியில் முகப்புத் திரை வேறு இருக்கிறது. 'என்முகப்பு'வுக்கும் இதே சிக்கல்தான். அதோடு, 'உங்கள் என்முகப்பு' என்று எழுத வேண்டி வரும். 'தொடக்கப் பக்கம்' எளிமையானது. ஆனால் உலாவி திறந்ததும் வருகிற வெற்றுப் பக்கத்துக்கும் அது பொருந்திவிடுகிறது. 'வாசல்' என்று ஒருவர் கேட்டிருந்தார். போர்ட்டலுக்கு (ஒரு துறையின் பக்கங்களுக்கு வழிகாட்டும் நுழைவுப் பக்கம்) 'வலைவாசல்' விக்கிப்பீடியாவில் நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

'திண்ணை' எனக்கு மிகவும் பிடித்த சொல். என்றாலும் திண்ணை வழிப்போக்கருக்கும் உரியது, நாலு பேர் வந்து உட்கார்ந்து பேசுகிற இடம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். 'முற்றம்' நெருங்கி வருகிறது. ஆனால் செட்டிநாட்டு வீட்டில் முற்றம் என்றால் உள்ளே, வானம் தெரிகிற இடம். யாழ்ப்பாணத்திலும் நாகர்கோவில் பக்கமும் வீட்டுக்கு முன்னால், காலையில் பெருக்குகிற இடம். ஒரு கலைச்சொல் ஊருக்கொரு படத்தைக் காட்டினால் கையேடு எழுதுபவர் திண்டாடுவார்.

அதனால் 'முன்றில்' என்பதை முன்வைக்கிறேன். பள்ளியில் இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் படித்த சொல்தான்: இல்லின் முன் என்பது முன்றில் ஆனது. இடையில் றகரம் வருவதற்குத் தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது. ஹோம் பேஜில் உள்ள 'ஹோம்' இந்தச் சொல்லுக்குள் 'இல்' ஆக உட்கார்ந்திருக்கிறது. நாம் வெளியிலிருந்து ஒட்ட வேண்டியதில்லை. புறநானூற்றின் 320-ஆம் பாடல் 'முன்றில்' என்றே தொடங்கும். முஞ்ஞைச் செடியும் முசுண்டைக் கொடியும் படர்ந்து பந்தல் தேவையில்லாத நிழல், மான் தோலில் காயப்போட்ட தினை என்று அந்த வீட்டின் முன்னிடம் விரியும். ஒவ்வொரு பொருளும் வீட்டுக்காரர் வைத்த இடத்தில் இருக்கிறது. என் அப்பாவின் பக்கமும் அப்படித்தான்.

ஒரு குறை உண்டு. 'முன்றிலில்' என்னும்போது நாக்கு கொஞ்சம் இடறுகிறது. 'முன்றிலுக்கு', 'முன்றிலை' என்பவை நன்றாகவே வருகின்றன. பழைய சொல், யாருக்குப் புரியும் என்பார்கள். பல வலைப்பதிவுகளின் புதிய இடுகைகளை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் தளத்துக்கு வந்த 'திரட்டி' என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். 2004-இல் தமிழ்மணம் என்ற திரட்டி வந்த பிறகு பதிவர்கள் தினமும் புழங்கினார்கள், யாரும் அகராதி தேடவில்லை.

துணைச் சொற்களில் அதிக வேலை இல்லை. ஃபீடுக்கு 'ஓடை' இருக்கிறது. விட்ஜெட்டுக்குப் புதிதாக எதுவும் வேண்டாம், 'பெட்டி' போதும்: வானிலைப் பெட்டி, குறிப்புப் பெட்டி. டாஷ்போர்டை இதோடு சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. எண்களைக் கண்காணிக்கிற பலகை அது, அதன் வேலையே வேறு.

அப்பாவைப் போன்றவர்களுக்காக நான் எழுதும் நான்கு பக்கக் கையேட்டில் சொல்லை இப்படிப் போட்டுப் பார்த்தேன்:

"உங்கள் முன்றில் சேவையை நிறுத்துகிறார்களா? முதலில் ஓடைகளை ஓபிஎம்எல் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். குறிப்புப் பெட்டியில் எழுதியதைத் தனியாக நகலெடுத்து வையுங்கள். அது அந்தக் கோப்பில் வராது. கடைசியாகப் பழைய முன்றிலைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். புதிய இடத்தில் பெட்டிகளை அடுக்கும்போது அதைப் பார்த்து வைக்கலாம்."

எனக்கு உறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை அச்செடுக்க வேண்டும். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். குறிப்பாக யாழ்ப்பாண நண்பர்களிடம் கேட்கிறேன்: 'முன்றில்' உங்கள் பக்கம் பேச்சில் இருக்கிறதா, இருந்தால் வீட்டின் எந்த இடத்தைக் குறிக்கிறது?