மெட்ராஸ் பயணத்துக்கு ஒரு குட்டி ஷேவர்

குழு: ரங்கூன் மோல்மேன் சொந்தங்கள் (பர்மா)

தம்பி: மாமா, அடுத்த மாசம் மெட்ராஸ் போறேன், எட்டு நாள். இந்தக் குட்டி ஷேவர் வாங்கலாமா? உள்ளங்கையில அடங்குது, விலையும் கம்மி. சி டைப் சார்ஜிங்னு போட்டிருக்கு.

தம்பி: 📷 படம்

மோல்மேன் மாமா: படம் மங்கலா இருக்கு. ஷேவர் தலை எப்படிப்பா? சல்லடைத் தகடா, சுத்துற வட்டமா?

தம்பி: வட்டம். ஒண்ணே ஒண்ணுதான்.

மோல்மேன் மாமா: அப்ப தினம் மழிக்கிறவனுக்குத்தான் ஆகும். மூணு நாள் விட்டா முடி ஓட்டைக்குள்ள நுழையாம படுத்துக்கும், வெட்டாம இழுக்கும். தாடி விட்டிருந்தா முதல்ல ட்ரிம்மர்ல ஒட்ட வெட்டிட்டு அப்புறம் இதைப் போடு.

சித்தப்பா: சார்ஜ் ஒயரைக் கவனிடா. விலை கம்மியான சாமான் பலதுல சி சாக்கெட்டுக்குப் பின்னாடி வைக்க வேண்டிய ரெண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைக்காம விட்டுடுறான். ரெண்டு முனையும் சி-யா இருக்கிற ஒயர்ல மாட்டினா சார்ஜரே கரண்ட் விடாது. ஷேவர் செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடாத. ஒரு முனை பழைய சப்பட்டை யூஎஸ்பி, மறு முனை சி. அந்த ஒயரை எடுத்துட்டுப் போ.

தம்பி: பவர்பேங்க்ல போடலாமா சித்தப்பா?

சித்தப்பா: போடலாம். ஆனா இது இழுக்கிற கரண்ட் ரொம்பக் கொஞ்சம். ஒண்ணுமே மாட்டலைன்னு நினைச்சு சில பவர்பேங்க் பாதியில அணைஞ்சுடும், பட்டனை அமுக்கி விடணும். இங்க இருக்கிற வரைக்கும் கரண்ட் வர்ற நேரம் பாத்து சுவத்துல போட்டுடு. சார்ஜ் இறங்கினா மோட்டார் மெதுவாகும், அப்பவும் முடியைப் பிடிச்சு இழுக்கும்.

அக்கா: ப்ளைட்ல விடுவாங்களா?

சித்தப்பா: விடுவாங்கம்மா. பேட்டரி 300 மில்லி ஆம்பியர் அவர்னு வச்சுக்க, 3.7 வோல்ட்டால பெருக்கினா 1.1 வாட் அவர். வரம்பு 100. கைப்பையில போட்டுக்கட்டும். பவர்பேங்கைப் பெட்டியில போடவே கூடாது, அதுவும் கைப்பைதான்.

மோல்மேன் மாமா: மூஞ்சில தனக்கா பட்டைப் பூச்சு இருந்தா முதல்ல கழுவித் துடைச்சுக் காய விடு. அரைச்ச பட்டைத் தூள் ஓட்டையை அடைச்சுடும். மெட்ராஸ் புழுக்கத்துல வேர்வையோட போட்டாலும் தோல் ஒட்டும், குளிக்கிறதுக்கு முன்னாடி காஞ்ச மூஞ்சில போடு. சின்னச் சின்ன வட்டமாச் சுத்து. அமுக்காத! அமுக்கினா மோட்டார் திணறும், தோல் ஓட்டைக்குள்ள பிதுங்கிச் சிவக்கும். கழுத்துல முடி படுத்தே வளரும், மோவாயைத் தூக்கித் தோலை இழுத்துப் பிடிச்சுக்க.

அக்கா: ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டா நல்லா ஓடாதா மாமா?

மோல்மேன் மாமா: ஐயோ வேணாம்மா. முடித்தூளோட சேந்து பிசினாயிடும். தையல் மெஷின் எண்ணெய், ஒரே சொட்டு, வாரம் ஒருதரம் போதும்.

தம்பி: தண்ணில கழுவலாம்னு அட்டைல இருக்கே. ஐபிஎக்ஸ்7னு.

சித்தப்பா: 1 மீட்டர் தண்ணில 30 நிமிஷம் தாங்கும்னு அர்த்தம். அட்டை எதைத்தான் சொல்லாது! தலையை மட்டும் கழட்டிக் கழுவி உதறு, உடம்பைக் குழாயில காட்டாத. சாக்கெட்ல ஈரம் இருக்கும்போது சார்ஜ் போட்டா உள்ள இருக்கிற முள்ளு அரிச்சுப் போகும்.

தம்பி: கடையிலயே என்ன பாக்கணும் மாமா?

மோல்மேன் மாமா: தலையை வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு. நசுங்கல், விரிசல் இருந்தா வேணாம், தோலைச் சீவிடும். ஓட விட்டுக் கேளு, சத்தம் ஒரே சீரா வரணும். மாத்துத் தலை தனியாக் கிடைக்குமான்னு கேட்டுக்க. கிடைக்காதுன்னா பிளேடு மழுங்குற வரைக்கும்தான் அதுக்கு ஆயுசு.

சித்தப்பா: மூடி காந்தத்துல ஒட்டுற மாதிரின்னா ரப்பர் பேண்ட் ஒண்ணு போடு. பைக்குள்ள கழண்டு, பட்டனும் அமுங்கி, நீ போய்ச் சேர்றதுக்குள்ள சார்ஜ் தீந்திருக்கும்.

தம்பி: சரி, இன்னைக்கே வாங்கி இங்கயே போட்டுப் பாக்கறேன்.

மோல்மேன் மாமா: தோல் பழக ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் பழைய ரேசரும் கூட இருக்கட்டும். தனி பிளேடைப் பெட்டியில போடு, கைப்பையில இருந்தா பிடுங்கிடுவாங்க.