பைனான்ஸ் படிக்க கேப் டவுனா, ஜோகன்னஸ்பர்க்கா, டர்பனா?

கேள்வி:
தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கிறோம். மகள் இந்த வருடம் மெட்ரிக் (பள்ளி இறுதி வகுப்பு), கணக்கில் கெட்டிக்காரி, முதலீட்டுத் துறைக்குத்தான் போவேன் என்கிறாள். கேப் டவுன் பல்கலைக்கழகம் (யூசிடி), ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகம், இங்கேயே குவாசுலு-நடால் பல்கலைக்கழகம் (யூகேஇசட்என்) என மூன்றுக்கும் விண்ணப்பித்திருக்கிறோம். எது நல்லது?

பதில் 1:
விட்ஸ் என்பேன் அக்கா. பங்குச் சந்தை ஜோகன்னஸ்பர்க்கின் சாண்டன் பகுதியில்தான் இருக்கிறது, ஸ்டாண்டர்ட் பேங்க், ஆப்சா, நெட்பேங்க் ஆகிய வங்கிகளின் தலைமையகங்களும் ஜோகன்னஸ்பர்க்கில்தான், அதனால் விடுமுறையில் பயிற்சி வேலை தேட வேறு ஊருக்குப் போய் அறை எடுக்க வேண்டியதில்லை.

பதில் 2:
வங்கி என்றால் சரி. ஆனால் முதலீட்டு நிர்வாகம் என்றால் கேப் டவுனை விடாதீர்கள், ஆலன் கிரே, கொரோனேஷன் என்ற முதலீட்டு நிறுவனங்கள் இரண்டும் அங்கேதான், யூசிடியின் ஆக்சூரியல் (காப்பீடு, நிதி அபாயக் கணக்கீடு) படிப்புக்கும் நல்ல பெயர். வாடகைதான் கடிக்கும்.

பதில் 3:
நான் யூகேஇசட்என்னின் வெஸ்ட்வில் வளாகத்தில், வீட்டிலிருந்தே போய் வந்து படித்தேன். மிச்சமான வாடகைப் பணத்தில் சிஎஃப்ஏ என்ற முதலீட்டுத் துறைச் சான்றிதழ் தேர்வின் முதல் நிலை எழுதினேன், அந்தத் தேர்வு எந்த ஊரில் எழுதினாலும் ஒன்றுதான். அப்புறம்தான் வேலைக்கு ஜோகன்னஸ்பர்க் போனேன். கடன் வாங்கித்தான் அனுப்ப வேண்டும் என்றால் டர்பனே போதும் அக்கா.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. உதவித்தொகை கிடைத்தால் கேப் டவுன், இல்லாவிட்டால் வெஸ்ட்வில், மகளிடம் இன்றைக்கே பேசுகிறேன்.